ஓவர்டைம் எண்டு சொல்லிவிட்டுப் போன சனிக்கிழமைகள்

தம்பி,

இதை எழுதுறது மேல்வீட்டுப் பிள்ளை, சொல்லுறது நான். எனக்கு எழுத்து வராது எண்டு உனக்குத் தெரியும். உன்ர அம்மா பழக்கித் தந்த கையெழுத்தைக் கீறுவன், அதோட என்ர பேனை நிண்டுடும். இந்தப் பிள்ளை கோயம்புத்தூரில இருந்து கொம்பியூட்டர் வேலைக்கு வந்தவள். போன மாரி தொடக்கம் எங்கட மேல்வீட்டில இருக்கிறாள். குசினி மேசையில தேத்தண்ணியோட இருத்தி, "நான் சொல்லுறதை அப்பிடியே எழுது பிள்ளை, வடிவாக்கிப்போடாதை" எண்டன். "அங்கிள், நீங்க பேசறதுல பாதி எனக்குப் புரியவே மாட்டேங்குது. அதை நான் எங்க அழகாக்கறது?" எண்டு சிரிக்கிறாள். அதையும் எழுதச் சொல்லியிருக்கிறன். நீ வாசிப்பாய். ஞாயிறு பூசை முடிய மாதா கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்புக்கு அம்மா உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதுக்கு இண்டைக்குத்தான் பலன் கிடைக்கப் போகுது.

போனில கதைக்கலாமே எண்டு கேப்பாய். போனில நீ என்ன கதைக்கிறாய்? சாப்பிட்டீங்களோ எண்டு கேப்பாய், குளிசை போட்டீங்களோ எண்டு கேப்பாய், "சரி அப்பா, பேந்து கதைப்பம்" எண்டு வச்சிடுவாய். நீ இருக்கிற சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ இந்தத் தீவு நகரத்தின்ர மற்ற முனைதான், தெரியும். பஸ்ஸும் ரயிலும் மாறி வரவேணும், தெரியும். ஆனால் அம்மாவின்ர முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு நீ இந்தப் படியேறி வரேல்லை. அந்தப் பேந்து இன்னும் வரேல்லை. இப்ப உன்ர கலியாணம் கிட்ட வந்திட்டுது. மண்டபத்தில ஒரு பாட்டும் இருக்கக்கூடாது, ஆட்டமும் இருக்கக்கூடாது, அம்மாவின்ர துக்கம் இன்னும் ஆண்டு திரும்பேல்லை எண்டு நீ எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அந்தச் சொல்லுக்குள்ள அம்மாவில உள்ள மரியாதை பாதி, என்னில உள்ள கோவம் பாதி எண்டு நான் நினைக்கிறன். மரியாதையை நான் தொடமாட்டன். கோவத்தைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க விடு.

எனக்குப் பாட்டுப் பைத்தியம் எண்டு ஊரெல்லாம் சொல்லும். உண்மைதான். மன்னாரில ஒலிபெருக்கி வாடகைக்குக் குடுக்கிற கடையில நான் வேலை செய்த காலத்தில பிடிச்ச பைத்தியம். கலியாண வீடோ, கோயில் பெருநாளோ, பள்ளிவாசல் கந்தூரியோ, தேர்தல் கூட்டமோ, பனையில ஏறிக் குழாய் கட்டுறது நான்தான். இசைத்தட்டில எழுதியிருக்கிறதை வாசிக்கத் தெரியாது. தட்டை வெயிலுக்கு நேரை சரிச்சுப் பிடிப்பன். உரத்துப் பாடுற இடத்தில கோடு அகலமாய் மினுங்கும், மெல்லப் பாடுற இடத்தில நெருங்கி இருண்டு கிடக்கும். அதைப் பாத்தே இது இன்ன பாட்டெண்டு சொல்லுவன். காலமை வேதப்பாட்டு, மாப்பிள்ளை வரேக்க நாதஸ்வரம், பந்தி நடக்கேக்க சினிமாப் பாட்டு, ஆம்பிளையள் பின்வளவுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு ஆட வைக்கிற பைலா. சனத்தின்ர முகத்தைப் பாத்துத் தட்டு மாத்திறதுதான் வேலை. அப்பவே எனக்கு இது எங்கட பாட்டு, அது மற்றவையின்ர பாட்டு எண்ட பிரிவு இல்லாமல் போச்சு. ஒரே குழாய்க்குள்ளாலதானே எல்லாம் வந்தது.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து கிரேக்கரின்ர சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவின வருசங்களில அந்தப் பைத்தியம் இன்னும் கூடிப் போச்சு. அங்க சமையல்காரன் ஒரு கசெட் வச்சிருந்தான். அதில ஒரு பாட்டு, கால் நொந்தவன் எழும்பி நடக்கிற மாதிரி மெல்லத் தொடங்கும். போகப் போக ஓட்டம் பிடிக்கும். கடைசியில நானும் அந்த வேகத்தில கழுவி, கோப்பை கையில வழுக்கும். "மெல்ல, மெல்ல!" எண்டு முதலாளி கத்துவான். சமையல்காரன் வேணுமெண்டே சத்தத்தைக் கூட்டுவான். முன்வீட்டில இருந்த ஹெயிற்றிக்காரர் டாக்சிக் கண்ணாடியை இறக்கிவிட்டு வைக்கிற பாட்டு எங்கட பைலாவின்ர ஒண்டுவிட்ட தம்பி. லெபனான்காரற்ற இறைச்சிக்கடையில ஒரு மனிசி பாடுவா, ஒரே சொல்லை உருட்டி உருட்டி, முடிக்கவே மனமில்லாமல். நான் ஆட்டிறைச்சி வேண்டி முடிஞ்சும் அந்தச் சொல்லு முடியுமட்டும் நிப்பன். எது நல்ல பாட்டெண்டு என்னட்டக் கேட்டால் ஒரு அளவுதான் சொல்லுவன். அது உடம்பில எங்க பிடிக்குது? பைலா இடுப்பில பிடிக்கும். கிரேக்கப் பாட்டு முழங்காலில. காலுக்கிடையில வச்சு வாசிக்கிற பெரிய வயலின் நெஞ்சாங்கூட்டில. வேதப்பாட்டுத் தொண்டையில. ஒரு இடத்திலயும் பிடிக்காட்டி அது வெறும் சத்தம்.

உனக்கு ஞாபகம் இருக்கும், ரேடியோவுக்குப் பக்கத்தில விரலை வச்சுக்கொண்டு நான் பாட்டுப் பதியிறது. நீயும் அம்மாவும் மூச்சு விடக்கூடாது. ஒரு நல்ல பாட்டுக்கு நடுவில நீ தும்மினது இப்பவும் அந்தக் கசெட்டில கிடக்கு. பேந்து சீடி வந்து, நீ நல்ல துப்புரவான பாட்டாய் எனக்கு வேண்டித் தந்தாய். தும்மல் இல்லாமல் அந்தப் பாட்டு எனக்கு இண்டைக்கும் குறையாய்த்தான் கேக்குது.

அம்மாவுக்கு என்ர பாட்டுப் பிடிக்காது எண்டுதான் நீ நினைச்சிருப்பாய். மாமாவும் அப்பிடித்தான் நினைச்சவர். அவ சத்தத்தைக் குறைக்கிறதுக்கெண்டே குசினியில இருந்து வருவா, ஈரக் கையைத் துடைச்சுப்போட்டு அந்தக் குமிழைக் கொஞ்சம் திருப்புவா. உடனே போகமாட்டா. பாட்டு முடியுமட்டும் அதிலயே நிப்பா. உங்களுக்குத் தெரிஞ்சது அந்தத் திருப்பினது மட்டும்தான்.

அவ போன பிறகு நான் வழக்கத்தின்படிதான் நடந்தன், தம்பி. ஆண்டு திரும்புமட்டும் துக்க வீட்டில பாட்டுச் சத்தம் கேக்கக்கூடாது. அடக்கம் முடிஞ்சு வந்த அண்டைக்கே ரேடியோவுக்கு மேல அவவின்ர வெள்ளைத் துவாயைப் போட்டு மூடினன். டிவியின்ர வயரையும் கழட்டினன். குளிர்சாதனப் பெட்டி இரையிறதைக் கேட்டுக்கொண்டு கதிரையில இருந்தன். கோயிலிலயும் எனக்கு அழுகை வரேல்லை, சேமக்காலையில குழிக்கு மண் போடேக்கயும் வரேல்லை. மனிசன் கல்லு மாதிரி நிக்கிறான் எண்டு சனம் சொல்லியிருக்கும்.

ஆசுபத்திரியில அம்மாவுக்கு இரவல் தந்த அந்தப் பிடிச்சு நடக்கிற கம்பிச் சட்டத்தைத் திருப்பிக் குடுக்கவேணும் எண்டு ஒருநாள் போனன். குடுத்திட்டு வாற வழியில, ஜோன்-தலோன் மெட்ரோவில கோடு மாறுற அந்த நீள நடையில, ஒரு வெள்ளைக்கார மனிசி ஸ்டூலில இருந்து வாள் வாசிச்சுக்கொண்டிருந்தா. பகிடி இல்லை. தச்சன் மரம் அரியிற வாள்தான். பிடியை முழங்காலுக்கிடையில இறுக்கி, நுனியைக் கையால வளைச்சு, பல்லில்லாத பக்கத்தில வயலின் வில்லால இழுக்கிறா. எத்தனையோ கருவியைக் கண்டவன் நான், இதைக் காணேல்லை. தவக்காலத்தில எங்கட கோயிலில பொம்பிளையள் வியாகுலப் பாட்டுப் படிக்கேக்க, கடைசிச் சொல்லில குரல் நடுங்கி மேல போய்த் தொங்குமே, அதே குரல். வாயே இல்லாத ஒரு இரும்பில இருந்து வருது. எனக்கு எங்க பிடிச்சுதெண்டு சொல்லத் தெரியேல்லை. சுவரோட சாய்ஞ்சு நிண்டு அழுதன். தொப்பியால முகத்தைத் துடைச்சுத் துடைச்சு அழுதன். என்ர கால் அதுபாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு நிண்டுது. அறுபது வருசப் பழக்கம், அதை நான் கேட்டுச் செய்யிறேல்லை.

அந்த நேரம் பாத்து உன்ர மாமா அந்த வழியால வந்திருக்கிறார். அவர் பின்னுக்கு நிண்டு என்ர காலைப் பாத்தவர். முன்னுக்கு வந்து முகத்தைப் பாக்கேல்லை. "தங்கச்சி போய் மாதம் திரும்பேல்லை, மச்சான் மெட்ரோவில நிண்டு தாளம் போடுறார்" எண்டு கோயிலில சொல்லி, கோயில் உனக்குச் சொல்லிச்சுது. அவரில எனக்குக் கோவமில்லை. தங்கச்சியை இழந்த மனிசன். நானும் அந்த நேரம் ஒருத்தற்ற முதுகை மட்டும் பாத்திருந்தால் அப்பிடித்தான் நினைச்சிருப்பன்.

ஆனால் அழுதனான் எண்டு சொல்லி உன்னட்ட நல்ல பேர் எடுக்க நான் வரேல்லை. மிச்சத்தையும் கேள். அடுத்த நாளும் போனன். அதுக்கடுத்த நாளும் போனன். வாள்காரி இல்லாத நாளில சீனாக்காரக் கிழவர் ரெண்டு தந்திக் கருவி வாசிப்பார், தென்னமெரிக்க மலைநாட்டுப் பெடியள் மூங்கில் குழல் ஊதுவினம், வடக்கத்தைய ஆபிரிக்கக்காரன் ஒருத்தன் வெறும் வாளியைக் கவிட்டு வச்சு அடிப்பான். அந்த நாளுகளில நான் அழேல்லை. சந்தோசமாய்த்தான் கேட்டன். வீட்டில அந்தத் துவாயை எடுக்க எனக்கு மனம் வரேல்லை. பாட்டில்லாமல் இருக்கவும் முடியேல்லை. மெட்ரோ ஆரின்ரயும் வீடில்லைத்தானே எண்டு எனக்கு நானே சட்டம் எழுதினன். குளிருக்க சாப்பாடு தேடிப் போற மாதிரித்தான் போனன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிஞ்சு சனமெல்லாம் முன்னறையில சாப்பிட்டுக்கொண்டிருக்க, நீ குசினிக்குள்ள வந்து கதவைச் சாத்தினாய்.

"அப்பா, மெட்ரோவில நிண்டு ஆடினீங்களாம். உண்மையோ?"

"ஆடேல்லை. கால்தான் தம்பி."

"அம்மா செத்து அப்ப மாதம்கூடத் திரும்பேல்லை."

"ஓம்."

"ஓமோ? இவ்வளவுதானோ சொல்லுவீங்கள்?"

எழுத்துத் தெரியாதவனுக்கு வாயாவது இருக்கவேணும், அண்டைக்கு அதுவும் இல்லாமல் போச்சு. "என்ர கலியாணத்தில ஒரு பாட்டும் இல்லை. உங்களுக்கு வேணுமெண்டால் மெட்ரோவில போய்க் கேளுங்கோ" எண்டு சொல்லிப்போட்டுக் கதவைத் திறந்து போனாய். முன்னறையில சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் கேட்டிருக்கும். அதுக்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பேந்து.

இனி உனக்குத் தெரியாத ஒண்டைச் சொல்லப் போறன். மேல்வீட்டுப் பிள்ளை பேனையை வச்சுப்போட்டு, "அங்கிள், இத நெஜமாவே எழுதணுமா? ஆன்ட்டியோட ரகசியம் இல்லையா?" எண்டு கேக்கிறாள். "அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு தன்ர தமையனைப் பற்றித்தான் அவ சொன்னவ, மகனைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை" எண்டு சொன்னன். "வக்கீல் மாதிரி பேசறீங்க" எண்டுறாள். எழுதுறாள்.

அம்மா டோர்வலில விமானத்துக்குச் சாப்பாடு அடுக்கிற குசினியில எவ்வளவு காலம் வேலை செய்தவ எண்டு உனக்குத் தெரியும். ஓடுற பெல்ட்டில தட்டு வரும். ஒருத்தி பாண் வைக்க, ஒருத்தி வெண்ணெய் வைக்க, அம்மா கரண்டியும் முள்ளும் வைப்பா. அங்க சுவர்த் தட்டில ஒரு ரேடியோ. அது எப்பவும் இந்த நாட்டுப் பிரெஞ்சுக்காரரின்ர நாட்டுப்புறப் பாட்டு நிலையத்திலதான் நிக்கும். குதிரைக்காரத் தொப்பி போட்டுக்கொண்டு கிற்றார் அடிச்சுப் பாடுற சாதி. ஒருநாள் அவ வீட்டில அரிசி களைஞ்சுகொண்டு ஏதோ முணுமுணுத்தா. காதுக்காரன் எண்டு ஊருக்குப் பெயரெடுத்த நான், "இது எந்தக் கோயில் பாட்டு?" எண்டு கேட்டன். அரிசிச் சட்டியை வச்சிட்டுச் சிரிச்சா.

"கோயில் பாட்டோ? லொறி ஓட்டிறவன்ர பாட்டு. மனிசி ஓடிப் போட்டாளாம். நாய் மட்டும் நிக்குதாம்."

"உமக்கு இதெல்லாம் எப்ப தொடக்கம்?"

"நீங்கள் எப்ப தொடக்கம் கேக்கேல்லையோ, அப்ப தொடக்கம்."

கேட்டியோ? ஊரில உள்ள பாட்டெல்லாம் தேடித் திரிஞ்சவன், பக்கத்தில கிடந்த பாட்டைக் கேக்கேல்லை. உன்ர கலியாணத்துக்குப் புத்தி சொல்லு எண்டு ஆராவது என்னட்டக் கேட்டால் இதைத்தான் சொல்லுவன். உன்ர மனிசி கை வேலையா இருக்கேக்க என்ன முணுமுணுக்கிறா எண்டு காது குடு. வாயால சொல்லாத கனக்க விசயம் அதிலதான் வரும்.

அந்த வருசம் நத்தார்ப் பாலன் பிறப்புக்கு முன்னம் வேலைக்காரர் எல்லாரும் கூடுற ஒரு விருந்து. டோர்வலில ஒரு மண்டபம். என்னையும் வரச் சொன்னா. நீலச் சேலை, காலில பனிச் சப்பாத்து. மாத்துச் சப்பாத்துக் கொண்டுபோக மறந்து போனா. சாப்பாடு முடியப் பொம்பிளையளெல்லாம் வரிசையாய் நிண்டினம். பள்ளிக்கூடத்தில உடற்பயிற்சிக்கு நிக்கிற மாதிரி, ஆனால் தொப்பியோட. பாட்டுத் தொடங்க எல்லாரும் ஒரே பக்கம் கால் வைப்பினம், குதியால தட்டுவினம், திரும்புவினம். நான் அவவின்ர கோட்டையும் என்ர கோட்டையும் மடியில வச்சுக்கொண்டு இருந்தன். பக்கத்தில இருந்த உன்ர அம்மாவைத் திரும்பிப் பாத்தால் கதிரை வெறுமை. சேலைத் தலைப்பை இடுப்பில செருகிக்கொண்டு நடு வரிசையில நிக்கிறா. ஆரோ ஒருத்தி தன்ர தொப்பியைக் கழட்டி அவவின்ர தலையில வச்சாள். பனிச் சப்பாத்தால குதி தட்டினா தம்பி, அந்த மரத்தளம் சொன்ன சத்தம் எனக்கு இப்பவும் கேக்குது. ஒரு அடி பிழைக்கேல்லை. பக்கத்தில நிண்ட வியட்நாம்காரி பிழைக்க, அவவைத் தோளில பிடிச்சுத் திருப்பிவிட்டா.

பஸ்ஸில வரேக்கக் கேட்டன், "இந்தக் காலை எங்க வச்சிருந்தனீர் இவ்வளவு நாளும்?"

"பெல்ட்டுக்குக் கீழ. மேல கை கரண்டி வைக்கும், கீழ கால் பழகும். மேற்பார்வைக்காரனுக்குத் தெரியாது." பேந்து, "அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கோயிலில என்னை முழங்காலில விட்டிடுவார்" எண்டா.

அதுக்குப் பிறகு மாசத்தில ஒரு சனிக்கிழமை, அவவோட வேலை செய்த ஒருத்தியின்ர ஊரில, கோயில் நிலவறையில, அந்த ஆட்டம் நடக்கும். உன்னை மாமா வீட்டில விட்டிட்டு, "ஓவர்டைம் இருக்கு" எண்டு சொல்லிப்போட்டுப் போவம். நீ மாமாவோட சோபாவில இருந்து ஹொக்கி பாத்த சனிக்கிழமைகள் அவைதான். "பாவம், அம்மாவும் அப்பாவும் உனக்காகச் சனிக்கிழமையும் முறியினம்" எண்டு மாமி உனக்குச் சொல்லியிருப்பா. அங்க அம்மா ஆடுவா, நான் கோட்டை வச்சுக்கொண்டு கேப்பன். எனக்கு ஆடத் தெரியாது, கேக்கத்தான் தெரியும். திரும்பி வரேக்க உனக்கு மூலைக்கடை டெப்பனரில சொக்லேற் வேண்டுவா, பொய் சொன்னதுக்கு. உடம்புக்கு வருத்தம் வந்து கால் சொல்லுக் கேக்காமல் போகுமட்டும் போனா.

ஆசுபத்திரியில நான் அந்தச் சின்ன ரேடியோவைக் கொண்டுபோய்த் தலைமாட்டில வச்சிருந்தது வேதப்பாட்டுக்கெண்டு நீ நினைச்சனீ. வேதப்பாட்டும் அவவுக்கு விருப்பம்தான், அதில பொய்யில்லை. ஆனால் கனநேரம் லொறிக்காரர்தான் பாடிக்கொண்டிருந்தினம். நடையில மாமாவின்ர இருமல் கேட்டால் நான் கசெட்டை அமத்துவன், மாதாவின்ர பாட்டு வரும். மாமா கண்ணை மூடிக்கொண்டு நிப்பார். "தங்கச்சிக்கு வேதப்பாட்டெண்டால் உயிர்" எண்டு தாதிக்குச் சொல்லுவார். "ஓம் அண்ணை" எண்டு அவ அடக்கமாய்ச் சொல்லிப்போட்டு என்னைப் பாப்பா. சிரிச்சால் நெஞ்சு நோகும் எண்டு உதட்டைக் கடிச்சுக்கொண்டு பாப்பா. நீ எடுத்து வச்ச கலியாண நாளைத் தள்ளிப் போடக்கூடாது எண்டு எங்கள் ரெண்டு பேரிட்டயும் கையில அடிச்சுச் சத்தியம் வேண்டினதும் அந்தக் கட்டிலில இருந்துதான். பாட்டைப் பற்றி அவ ஒண்டும் சொல்லேல்லை. வேணுமெண்டும் சொல்லேல்லை, வேண்டாமெண்டும் சொல்லேல்லை. சொன்னவ எண்டு நான் பொய் சொன்னால் நீ நம்புவாய். அதுக்காகவே சொல்லமாட்டன்.

இதெல்லாத்தையும் இப்ப ஏன் கிளறுறன் எண்டால், போன ஞாயிறு என்ர மருமகளாய் வரப்போற மரி-எவ் வந்தவள். உனக்குச் சொல்லாமல்தான் வந்தவள், அவளோட சண்டை பிடிக்காதை. தன்ர அப்பப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தவள். மனிசன் எங்கட மூண்டு மாடிப் படியையும் ஏறி வந்து மூச்சு வாங்க, நான் கதிரை குடுத்தன். ரெண்டு கிழவரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருந்தம். அவற்ற பிரெஞ்சு நாட்டுப்புறத்துப் பிரெஞ்சு, என்ர பிரெஞ்சு கோப்பை கழுவின பிரெஞ்சு. நடுவில மரி-எவ். "மாமா, இவருக்கு உங்களிட்ட ஒண்டு கேக்கவேணுமாம்" எண்டாள். மாமா எண்ட சொல்லை அவள் தமிழிலதான் சொல்லுறாள், மிச்சமெல்லாம் பிரெஞ்சில.

அந்த மனிசன் வயலின் வாசிக்கிறவராம். பேரப்பிள்ளையள் எல்லாற்ற கலியாணத்துக்கும் அவர்தான் வாசிச்சவர். கதிரையில இருந்து ரெண்டு காலாலயும் தரையில தாளம் தட்டிக்கொண்டு வாசிக்கிற வழக்கமாம். மரி-எவ்தான் கடைசிப் பேத்தி. பாட்டுக் கூடாது எண்டு நீ சொன்னதை அவள் அவருக்குச் சொல்லியிருக்கிறாள். "வாசிக்காட்டிப் பரவாயில்லை. கொண்டு வரலாமோ, வீட்டில விட்டிட்டு வரவேணுமோ எண்டு மட்டும் கேக்கிறார்" எண்டாள். சொல்லேக்க அவளுக்குக் கண் கலங்கிப் போச்சு. உன்னட்ட அழாமல் என்னட்ட வந்து அழுகிறாள், யோசிச்சுப் பார்.

அவர் அந்த வெள்ளைத் துவாயைக் கண்டிட்டார். என்னெண்டு கையால கேட்டார். சொன்னன். அவர் தலையாட்டினார். தன்ர தகப்பன் செத்த வருசம் தங்கட வீட்டிலயும் வயலினைச் சுவர்ப் பக்கம் முகம் திருப்பித் தொங்க விட்டவையாம். ஆண்டு திரும்பத்தான் எடுத்தவையாம். அந்த வருசத்தில தமக்கைக்குக் கலியாணம் வந்ததாம். என்ன செய்தனீங்கள் எண்டு நான் கேக்க, தாய் தானே சுவரில இருந்து கழட்டிக் கையில தந்தவ எண்டார். கலியாணம் முடியத் திரும்பவும் சுவரில தொங்க விட்டவையாம். இவ்வளவும் சொல்லிப்போட்டு, அதால நீயும் அப்பிடிச் செய் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. தேத்தண்ணியைக் குடிச்சார். நல்லாயிருக்கெண்டு இன்னொண்டு கேட்டார். "மகனைக் கேட்டுச் சொல்லுறன்" எண்டு அனுப்பினன்.

அதுதான் கேக்கிறன்.

இந்த வீட்டில ரேடியோ மூடினபடிதான் கிடக்கும். ஆண்டு திரும்புமட்டும் அதை நான் எடுக்கமாட்டன், ஆரும் சொல்லியும் எடுக்கமாட்டன். அது எனக்கும் அவவுக்கும் உள்ள விசயம். ஆனால் உன்ர மண்டபம் துக்க வீடில்லை தம்பி, அது நீ புதுசாய்க் கட்டுற வீட்டின்ர முதல் அறை. அதில எந்தச் சத்தம் கேக்கவேணும் எண்டு நீயும் மரி-எவ்வும்தான் சொல்லவேணும். நீ வேண்டாமெண்டால் வேண்டாம். நானும் அந்தக் கிழவரும் ஒரு மேசையில இருந்து அமைதியாய்ச் சாப்பிட்டிட்டு வருவம். கோவிக்கமாட்டன். ஒண்டை மட்டும் செய்யாதை. அம்மாவுக்காக எண்டு சொல்லாதை. அப்பாவில எனக்குக் கோவம், அதால பாட்டு வேண்டாம் எண்டு சொல்லு. அது எனக்கு விளங்கும், அதைத் தாங்குவன். குதி தட்டி ஆடின மனிசியின்ர பேரில அந்த மண்டபத்தின்ர வாயைக் கட்டுறதைத்தான் என்னால தாங்கேலாது.

மாமாவுக்கு நான் இதைச் சொல்லப் போறேல்லை. நீ சொல்லுறதெண்டால் கலியாணம் முடியச் சொல்லு. மனிசனுக்குப் பிரஷர்.

மேல்வீட்டுப் பிள்ளைக்குக் கை நோகுதாம். முடிக்கிறன். உன்னைக் காணாமல் இந்தக் குசினி பெரிசாய்க் கிடக்கு, அதை மட்டும் அவள் தன்ர பாட்டுக்கு வடிவாய் எழுதட்டும்.

அந்தக் கிழவருக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை. என்ர பிரெஞ்சில சொன்னால் பிழைச்சுப் போகும், ஓமோ இல்லையோ, நீயே போன் எடுத்துச் சொல்லு. ஞாயிறு பூசை முடிஞ்சு மத்தியானத்துக்குப் பிறகு வீட்டில நிப்பாராம். காது கொஞ்சம் மந்தமாம். உரத்துக் கதை.

அப்பா